டிவ் மட்டும் போட்டாலே பக்கம் நன்றாக வருகிறதே, மற்ற டேக் எல்லாம் எதற்கு?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். வலைப்பக்கம் எழுதும் ஹெச்டிஎம்எல் மொழியைப் படிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. எங்கள் ஊர் நூலகத்து வாசகர் வட்டத்துக்கு ஒரு பக்கம் செய்திருக்கிறேன். மேலே வட்டத்தின் பெயர், கீழே இந்த மாதக் கூட்ட அறிவிப்பு, அப்புறம் நூல் பட்டியல், கடைசியில் பெயர் பதிய ஒரு படிவம். எல்லாமே டிவ்தான், அதாவது கோண அடைப்புக்குள் எழுதும் டேக் குறிகளில் பொதுவான பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளாஸ் பெயர் கொடுத்து, தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் எழுத்தளவு, நிறம், இடைவெளி எல்லாம் சரிசெய்துவிட்டேன். போனிலும் கணினியிலும் பார்க்க நன்றாகவே இருக்கிறது.

வட்டத்தில் மென்பொருள் வேலையில் இருக்கும் ஓர் அக்கா பார்த்துவிட்டு, "பக்கம் அழகா இருக்கு, மார்க்கப் சரியில்ல" என்று சொன்னார். என்ன சரியில்லை என்று கேட்பதற்குள் கிளம்பிவிட்டார். கண்ணுக்குச் சரியாகத் தெரியும்போது உள்ளே எந்த டேக் இருந்தால் என்ன? கோடைக் கீழே ஒட்டியிருக்கிறேன்.

வாசகர் வட்டம் ஆவணிக் கூட்டம் ஞாயிறு மாலை 5 மணி பெயர் தொலைபேசி பதிவு செய்

திண்ணை (மட்டுறுத்துநர்)

தம்பி, நீங்கள் ஒட்டியதில் ஒரு டேக்கூட மிஞ்சவில்லை, பாருங்கள். கோண அடைப்பைக் கண்டதும் "இது டேக்" என்று மன்றத்தின் மென்பொருள் எடுத்து விழுங்கிவிட்டது. பிரவுசரும் இப்படித்தான். கோண அடைப்பை எழுத்தாகவே திரையில் காட்ட வேண்டுமென்றால் ஆம்பர்சண்ட் குறி, எல், டி, அரைப்புள்ளி என்று அடிக்க வேண்டும். ஆம்பர்சண்டையே காட்ட ஆம்பர்சண்ட், ஏ, எம், பி, அரைப்புள்ளி. இங்கே கோட் பெட்டி பழுதாகிக் கிடக்கிறது. சரியாகும்வரை எல்லோரும் டேக் பெயரைத் தமிழில் எழுதிச் சமாளியுங்கள்.

பழைய_மோடம்

உங்கள் கேள்விக்குத் தமிழ் வலைப்பக்கங்களின் பழைய கதையே நல்ல பதில். 90களின் கடைசியில் தமிழ் நாளிதழ்த் தளங்களைத் திறந்தவர்களுக்கு நினைவிருக்கும், தளத்துக்குத் தளம் ஓர் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும். பக்கத்துக்குள் இருந்தது ஆங்கில எழுத்துகளும் விநோதக் குறிகளும்தான். அவற்றைச் சுற்றி ஃபான்ட் என்று ஒரு டேக், அதில் எழுத்துருவின் பெயர். அந்த எழுத்துரு, ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நம் ககரத்தையும் மகரத்தையும் வரைந்து வைத்திருக்கும். கண்ணுக்குத் தமிழ். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குப்பை. நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினாலும் குப்பை. தேடுபொறிக்கு அது தமிழ் என்பதே தெரியாது. இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தத்தான் டிஸ்கி என்ற தமிழ் எழுத்துக் குறியாக்கம் வந்தது, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியாக்கங்கள் வந்தன. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கத்தில் தமிழுக்கு 1991லேயே இடம் இருந்தாலும், விண்டோஸ் 2000, எக்ஸ்பி எல்லாம் பரவிய பிறகுதான் சாதாரண ஆட்களின் கைக்கு அது வந்தது.

உங்கள் டிவ் பக்கமும் இதே ரகம். "வாசகர் வட்டம்" பெரிய எழுத்தில் தெரிகிறது. ஆனால் அது தலைப்பு என்று பக்கத்தில் எங்கும் எழுதவில்லை. நூல் பட்டியல் வரிசையாகத் தெரிகிறது. அது பட்டியல் என்றும் எழுதவில்லை. பார்க்கிறவர் ஊகித்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

ஹெச்டிஎம்எல் பிறந்ததே இதற்கு நேர்மாறான எண்ணத்தில். டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் இதைத் தொடங்கியபோது அங்கிருந்த கணினிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. சிலவற்றில் ஜன்னல்களும் மவுஸும், பலவற்றில் வெறும் எழுத்துத் திரை. "இந்த வரியை 24 புள்ளி அளவில் காட்டு" என்று எழுதினால் பாதிக் கணினிகளுக்குப் புரியாது. "இது முதல்நிலைத் தலைப்பு" என்று எழுதினால் ஒவ்வொன்றும் தனக்கு முடிந்த மாதிரி காட்டிக்கொள்ளும். 1991இல் அவர் வெளியிட்ட முதல் டேக் பட்டியலில் இருந்தவை தலைப்புகள், பத்தி, பட்டியல், முகவரி, இணைப்பு போன்ற 18தான். டிவ் கிடையாது. படம் போடும் டேக்கூடக் கிடையாது. அது 1993இல் மொசைக் பிரவுசரோடு வந்தது.

நிலாமுற்றம்

வரலாறெல்லாம் சரி ஐயா. ஆனால் நடைமுறையைப் பேசுவோம். நான் ஃபிரன்ட்எண்ட் வேலையில், அதாவது தளத்தின் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை எழுதும் வேலையில் இருக்கிறேன். நாங்கள் தொடும் பெரிய தளங்களில் எஃப்12 தட்டி உள்ளே இருக்கும் கோடைப் பாருங்கள், டிவ்வுக்குள் டிவ், அதற்குள் இன்னொரு டிவ். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியில் எழுதினால் யாரும் ஆர்ட்டிகிள் (கட்டுரை), செக்ஷன் (பகுதி) டேக் என்று யோசித்துக்கொண்டு உட்காருவதில்லை. வாடிக்கையாளர் கேட்பது டிசைன் அப்படியே வந்திருக்கிறதா என்பது மட்டும்தான். புதிதாகப் படிக்கிறவரை முதல் நாளே இலக்கண வகுப்பில் உட்கார வைத்தால் ஓடிவிடுவார்.

செவிவழி

நிலாமுற்றம், உங்கள் டிவ் மலையை எஃப்12 இல்லாமலே தினமும் பார்க்கிறவன் நான். கண்பார்வை இல்லாததால் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைக் கொண்டு படிக்கிறேன். நான் எப்படி ஒரு பக்கத்தைப் "புரட்டுகிறேன்" என்று சொல்கிறேன், தம்பிக்கும் உதவும்.

பக்கம் திறந்ததும் முதலில் ஹெச் விசையைத் தட்டுவேன். அடுத்த தலைப்புக்குத் தாவும். 2ஐத் தட்டினால் இரண்டாம்நிலைத் தலைப்புகளில் மட்டும் தாவும். செய்தித்தளத்தில் நீங்கள் கண்ணை ஓட்டித் தேடுவதை நான் இப்படித்தான் செய்கிறேன். தம்பியின் பக்கத்தில் ஹெச் தட்டினால் "அடுத்த தலைப்பு இல்லை" என்று வரும். எல் தட்டினால் பட்டியல் இல்லை. அப்புறம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கீழம்பை அமுக்கி அமுக்கிக் கேட்பதைத் தவிர வழி இல்லை.

பெரிய சிக்கல் "பதிவு செய்". அது டிவ்வாக இருந்து, கிளிக் செய்தால் ஏதோ நடக்கும்படி ஜாவாஸ்கிரிப்ட் எழுதியிருந்தால், டேப் விசை அதில் நிற்கவே நிற்காது. என்டர் தட்டினாலும் ஸ்பேஸ் தட்டினாலும் எதுவும் நடக்காது. பட்டன் டேக் போட்டிருந்தால் இதெல்லாம் சும்மாவே கிடைக்கும். டேப் நிற்கும், என்டரும் ஸ்பேஸும் வேலை செய்யும், "பதிவு செய், பட்டன்" என்று எனக்கு வாசித்தும் காட்டும். டிவ்விலேயே இதைச் செய்யலாம். இது பட்டன் என்று சொல்லும் ரோல், டேப் விசையை நிற்க வைக்கும் டேப்இண்டெக்ஸ், விசைகளுக்குத் தனியாகக் கோட் எல்லாம் எழுத வேண்டும். எழுதியவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

நிலாமுற்றம்

பட்டன் விஷயத்தில் மறுப்பில்லை அண்ணா. நாங்களும் பட்டனை பட்டனாகத்தான் போடுகிறோம். செக்ஷனா, ஆர்ட்டிகிளா, டிவ்வா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

செவிவழி

அதில் நானும் உங்கள் பக்கம். பெயர் கொடுக்காத செக்ஷனும் டிவ்வும் என் காதுக்கு ஒன்றுதான். தலைப்பு, பட்டியல், பட்டன், இணைப்பு, லேபிள், முக்கியப் பகுதிக்கான மெயின், வழிகாட்டும் இணைப்புகளுக்கான நேவ். இவை சரியாக இருந்தால் பக்கத்தின் பெரும்பகுதி எனக்குத் திறந்துவிடும்.

வைகைக்கரை

நன்றி. தலைப்புகளுக்கு ஹெச்1, ஹெச்2 டேக் போட்டுப் பார்த்தேன். ஆனால் ஹெச்1 ரொம்பப் பெரிதாக வருகிறது, அதனால் வட்டத்தின் பெயருக்கு ஹெச்3 போட்டேன், அளவு சரியாக இருக்கிறது. இது போதுமா? இன்னொன்று, கூட்ட அறிவிப்பைப் பத்திக்கான பி டேக்குக்குள் வைத்து, நிகழ்ச்சி நிரலைப் பட்டியலுக்கான யுஎல்லாக அந்த பி-க்குள்ளேயே போட்டேன். பி-க்கு மஞ்சள் பின்னணி கொடுத்தால் பட்டியலுக்கு மட்டும் மஞ்சள் வரமாட்டேன் என்கிறது. கடைசி டேக் வரை மூடியிருக்கிறேன்.

கோணஅடைப்பு

இரண்டுக்கும் சொல்கிறேன்.

ஹெச்3ஐ அளவுக்காக எடுக்கக் கூடாது. அந்த எண் அளவு அல்ல, நிலை. வட்டத்தின் பெயர் ஹெச்1. கூட்டம், நூல் பட்டியல், பதிவு மூன்றும் ஹெச்2. கூட்டத்துக்குள் நிரல் என்று உள்தலைப்பு வந்தால் ஹெச்3. அளவு பிடிக்கவில்லையா, சிஎஸ்எஸ்ஸில் ஃபான்ட்-சைஸ் மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செக்ஷனுக்குள்ளும் ஹெச்1 போடலாம், பிரவுசரே நிலையைக் கணக்கிட்டுக்கொள்ளும் என்று பழைய பாடங்களில் இருக்கும். அந்தக் கணக்கை எந்தப் பிரவுசரும் முழுதாகச் செயல்படுத்தவில்லை. 2022இல் ஹெச்டிஎம்எல் தரவரையறையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

இப்போது பி-யும் யுஎல்லும். இது அருமையான கேள்வி, ஏனென்றால் பிரவுசர் எப்படி வாசிக்கிறது என்பது இதில் தெரிந்துவிடும். கன்ட்ரோல் யூ அடித்தால் நீங்கள் எழுதிய கோட் அப்படியே தெரியும். எஃப்12 அடித்து எலிமென்ட்ஸ் பகுதியைத் திறந்தால் பிரவுசர் அதைப் படித்துக் கட்டிய மரம் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் கோடில் பி, அதற்குள் யுஎல், பிறகு மூடும் பி. மரத்தில் வேறு மாதிரி இருக்கும். யுஎல் தொடங்கும் இடத்துக்கு முன்பே பி மூடப்பட்டிருக்கும். யுஎல் அதற்குப் பக்கத்தில் தனியாக நிற்கும். அதற்குக் கீழே யாரும் எழுதாத ஒரு வெற்று பி முளைத்திருக்கும்.

காரணம் இதுதான். பத்திக்குள் எழுத்தும், லிங்க், ஸ்ட்ராங் போன்று எழுத்தோடு ஓடுபவையும் மட்டுமே வரலாம். பட்டியல், டிவ், டேபிள் வரக் கூடாது. பி-யை மூடும் டேக் கட்டாயமும் அல்ல. அதனால் யுஎல்லைக் கண்டதும் "பத்தி முடிந்துவிட்டது போல" என்று பிரவுசர் தானே மூடிவிடுகிறது. பிறகு நீங்கள் எழுதிய மூடும் பி வருகிறது. மூட எதுவும் திறந்திருக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு வெற்றுப் பத்தியைத் திறந்து மூட வேண்டும் என்பது விதி. இவ்வளவும் ஒரு பிழைச்செய்திகூட இல்லாமல் நடக்கும். எந்தத் தவறுக்கு என்ன செய்வது என்று தரவரையறையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள், அதனால்தான் குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் ஒரே மாதிரி உடைகிறது.

தீர்வு, பி-யை யுஎல்லுக்கு முன்பே மூடிவிட்டு இரண்டையும் ஒரு டிவ்வுக்குள் வையுங்கள். மஞ்சளை அந்த டிவ்வுக்குக் கொடுங்கள். டிவ்வுக்கு உரிய வேலை இதுதான், அர்த்தம் எதுவும் சேர்க்காமல் சேர்த்துக் கட்டுவது.

மாலைவகுப்பு

இழையோடு ஒட்டிய ஒரு கேள்வி. வரியை உடைக்கும் பிஆர், படம் போடும் ஐஎம்ஜி டேக்குகளில் கடைசியில் சாய்கோடு சிலர் போடுகிறார்கள், சிலர் போடுவதில்லை. எது சரி?

கோணஅடைப்பு

இரண்டும் சரி. அந்தச் சாய்கோடு எக்ஸ்ஹெச்டிஎம்எல் என்ற கறாரான வடிவத்தின் காலத்து மிச்சம். 2000த்தில் அது வந்தபோது எக்ஸ்எம்எல் கறாருடன் எல்லாவற்றையும் மூடச் சொன்னார்கள். இன்றைய ஹெச்டிஎம்எல்லில் பிஆர், ஐஎம்ஜி, இன்புட், மெட்டா போன்றவற்றுக்கு உள்ளடக்கமே கிடையாது, ஆகவே மூட வேண்டியதும் இல்லை. சாய்கோட்டைப் பிரவுசர் கண்டுகொள்ளாது.

அந்தக் "கண்டுகொள்ளாது"தான் வேறு இடத்தில் கழுத்தறுக்கும். ரியாக்டில் பழகியவர்கள் வெற்று டிவ்வைச் சாய்கோட்டோடு ஒரே டேக்காக எழுதுவார்கள். அங்கே அது செல்லும். வெறும் ஹெச்டிஎம்எல் கோப்பில் அப்படி எழுதினால் சாய்கோடு போய்விடும், டிவ் திறந்தே கிடக்கும், அதன் பிறகு வருவதெல்லாம் அதற்குள் போய் விழும். ஸ்கிரிப்ட் டேக்கிலும் இதே கதை. அதற்குக் கீழே உள்ள பக்கமே காணாமல் போய்விடும்.

நிலாமுற்றம்

இது எங்கள் குழுவில் அச்சு அசலாக நடந்தது. பக்கத்தின் அடிப்பகுதியான ஃபுட்டரே மறைந்துபோய், சிஎஸ்எஸ்ஸில் ஏதோ பிரச்சினை என்று எல்லோரும் அங்கே தேடிக்கொண்டிருந்தோம்.

வைகைக்கரை

பத்தியும் பட்டியலும் சரியாகிவிட்டன. படிவத்துக்கு வந்திருக்கிறேன். ஃபார்ம் டேக் போட்டு, பெயருக்கும் தொலைபேசிக்கும் இன்புட், கீழே பட்டன். அமுக்கினால் பக்கம் மறுபடி திறக்கிறது, சர்வர் பக்கம் எதுவும் வந்து சேரவில்லை என்று அதை எழுதித் தரும் நண்பன் சொல்கிறான். பெட்டிக்குள் "உங்கள் பெயர்" என்று பிளேஸ்ஹோல்டர் வைத்திருப்பதால் லேபிள் தனியாகப் போடவில்லை.

மாலைவகுப்பு

இன்புட்டில் நேம் ஆட்ரிபியூட் (டேக்குக்குள் எழுதும் பண்பு) இருக்கிறதா? ஐடி மட்டும் இருந்தால் போகாது.

கோணஅடைப்பு

மாலைவகுப்பு சொன்னதுதான். நேம் இல்லாத பெட்டியில் என்ன எழுதினாலும் ஃபார்ம் அதை அனுப்பாது. ஐடி பக்கத்துக்குள் அடையாளம் காட்ட, நேம் சர்வருக்கு அனுப்ப. இரண்டும் வேண்டும்.

அடுத்து, அனுப்பும் முறையைச் சொல்லும் மெத்தட் எழுதாவிட்டால் கெட் என்று எடுத்துக்கொள்ளும். நேம் போட்டபின் ஒருமுறை அமுக்கிவிட்டு முகவரிப் பட்டையைப் பாருங்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் பெயரும் தொலைபேசி எண்ணும் பளிச்சென்று நிற்கும். பிரவுசர் ஹிஸ்டரியிலும் தங்கும், சர்வர் லாகிலும் தங்கும். தேடல் பெட்டிக்கு அது நல்லது, முகவரியைப் பிறருக்கு அனுப்பலாம். ஆட்களின் எண்ணை வாங்கும் படிவத்துக்கு மெத்தட் போஸ்ட் என்று எழுதுங்கள். அந்தப் பக்கம் ஹெச்டிடிபிஎஸ்ஸிலும் இருக்க வேண்டும்.

ஃபார்முக்குள் இருக்கும் பட்டனுக்கு டைப் சொல்லாவிட்டால் அது சப்மிட் என்றுதான் அர்த்தம். நாளைக்கு "இன்னொருவரைச் சேர்" என்று இரண்டாவது பட்டன் வைத்தால் அதுவும் படிவத்தை அனுப்பிவிடும். அதற்கு டைப் பட்டன் என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

தொலைபேசிக்கு டைப் நம்பர் போடுகிறவர்கள் உண்டு, வேண்டாம். நம்பர் என்பது கூட்டிக் கழிக்கும் அளவுகளுக்கு. தொலைபேசிக்கு டைப் டெல் போட்டால் போனில் எண் விசைப்பலகை தானே வரும். பின்கோடுக்கு டைப் டெக்ஸ்ட், இன்புட்மோட் நியூமெரிக்.

செவிவழி

லேபிளை விட்டுவிடாதீர்கள் தம்பி. பிளேஸ்ஹோல்டர் முதல் எழுத்தை அடித்ததும் மறைந்துவிடும். பாதியில் போன் வந்து பேசிவிட்டுத் திரும்புகிறவருக்கு எந்தப் பெட்டி எதற்கு என்று தெரியாது, கண் தெரிந்தாலும்தான். லேபிளின் ஃபார் ஆட்ரிபியூட்டில் இன்புட்டின் ஐடியை எழுதுங்கள். எனக்கு "பெயர், எழுதும் பெட்டி" என்று வாசிக்கும். மற்றவர்களுக்கு லேபிளைத் தொட்டாலே பெட்டிக்குள் கர்சர் போய் நிற்கும். செக்பாக்ஸில் இதன் அருமை தெரியும், சின்னச் சதுரத்தைக் கட்டைவிரலால் குறிபார்க்க வேண்டியதில்லை.

ஹெச்டிஎம்எல் டேக்கில் லேங் என்று ஓர் ஆட்ரிபியூட் போட்டு, டி, ஏ என்ற இரண்டெழுத்தை அதற்கு மதிப்பாகக் கொடுத்தீர்களா? பல தமிழ்ப் பக்கங்கள் வார்ப்புருவிலிருந்து எடுத்ததால் இ, என் என்றே கிடக்கின்றன. என்விடிஏ அதை நம்பி ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்கப் போகும். கேட்க வேண்டுமே அந்தக் கொடுமையை! சரியாக இருந்தால் ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளின் தமிழ்க் குரலுக்குத் தானே மாறிக்கொள்ளும். பக்கத்தின் நடுவே ஒரு வரி ஆங்கிலம் வந்தால் அந்த வரிக்கு மட்டும் லேங் மாற்றிக் கொடுக்கலாம்.

மாலைவகுப்பு

நான் நேற்று செய்த பக்கத்தில் தமிழே வரவில்லை. என் எடிட்டரில் தமிழ்தான். பிரவுசரில் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், இதுவே திரும்பத் திரும்ப வருகிறது. எழுத்துரு இல்லையோ?

பழைய_மோடம்

எழுத்துரு இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். இது குறியாக்கச் சிக்கல். யூனிகோடைக் கோப்பில் எழுதும் முறையான யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள், ஆக 15 பைட். தமிழ்ப் பகுதி முழுவதுக்கும் முதல் பைட் ஒன்றே. இரண்டாவது பைட்டில் இரண்டே வகைதான். பிரவுசர் இதை யுடிஎஃப்-8 என்று அறியாமல் பழைய மேற்கத்தியக் குறியாக்கம் என்று எண்ணி, ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று காட்டுகிறது. முதல் பைட் தலையில் கோடு போட்ட ஏ ஆகிறது. இரண்டாவது பெரும்பாலும் வட்டத்து ஆர். தமிழ் உடைந்தால் எங்கும் அதே முகத்தோடு உடைவது இதனால்தான்.

ஹெட் பகுதியில் மெட்டா டேக்கில் சார்செட் யுடிஎஃப்-8 என்று எழுதுங்கள். டைட்டிலுக்கும் முன்னால், ஹெட் திறந்ததும் முதல் வரியாக. அது கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் வந்தாக வேண்டும் என்று விதியே இருக்கிறது. எடிட்டரிலும் யுடிஎஃப்-8ஆகவே சேமியுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் சர்வர் வேறு சார்செட் சொல்லி அனுப்புகிறதா என்று பாருங்கள், சர்வர் சொல்லுக்குத்தான் முன்னுரிமை.

கோணஅடைப்பு

ஹெட் என்றதும் இன்னும் இரண்டு. கோப்பின் முதல் வரியில் டாக்டைப் ஹெச்டிஎம்எல் இல்லாவிட்டால் பிரவுசர் 90களின் பக்கம் என்று நினைத்துப் பழைய கணக்கில் அளவுகளைப் போடும். திரை அகலத்துக்கு ஏற்பக் காட்டச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா இல்லாவிட்டால் போன் உங்கள் பக்கத்தைக் கணினி அகலத்துக்கு, பெரும்பாலும் 980 பிக்சலுக்கு, விரித்து வரைந்துவிட்டுப் பிறகு சுருக்கிக் காட்டும். சிஎஸ்எஸ் எவ்வளவு ஒழுங்காக எழுதியிருந்தாலும் எழுத்து எறும்பாகத்தான் தெரியும்.

வைகைக்கரை

நேம், லேபிள், போஸ்ட், லேங் எல்லாம் சேர்த்தாகிவிட்டது. பதிவும் போய்ச் சேருகிறது. மார்க்கப்பில் பிழை பார்க்கும் டபிள்யூ3சி சரிபார்ப்பானில் போட்டேன். வட்டத்தின் சின்னத்துக்கு ஆல்ட் (படத்துக்கான மாற்று எழுத்து) இல்லை என்று ஒரே ஒரு பிழை. நூல் அட்டைப் படங்களுக்கு எழுதிவிட்டேன். சின்னத்துக்குப் பக்கத்திலேயே வட்டத்தின் பெயர் எழுத்தில் இருக்கிறதே, அதற்கும் எழுத வேண்டுமா?

செவிவழி

ஆல்ட் வேண்டும், ஆனால் வெறுமையாக. மேற்கோள் குறிகளுக்கு நடுவே எதுவும் இல்லாமல் விடுங்கள், நான் அந்தப் படத்தைத் தாண்டிப் போய்விடுவேன். ஆல்ட் ஆட்ரிபியூட்டே இல்லாவிட்டால் சில நேரம் கோப்பின் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்க வேண்டிவரும். "வாசகர் வட்டம்" என்று எழுதினால் அதே பெயரை இரண்டு முறை கேட்பேன்.

பிழை இல்லை என்று சரிபார்ப்பான் சொன்னாலும் அங்கேயே நிறுத்தாதீர்கள். எது தலைப்பு, எது பத்தி என்று அதற்குத் தெரியாது. பக்கம் முழுக்க டிவ்வாக இருந்தாலும் பச்சைக்கொடி காட்டும். மவுஸை ஓரமாக வைத்துவிட்டு டேப் விசையாலேயே படிவத்தை நிரப்பிப் பாருங்கள்.

வைகைக்கரை

பார்த்தேன் அண்ணா. முதல் டேபிலேயே "பதிவு செய்" பட்டனுக்குப் போய்விடுகிறது, அதற்குப் பிறகுதான் பெயர்ப் பெட்டி. கோடில் பட்டன் கடைசியில்தான் இருக்கிறது.

கோணஅடைப்பு

பட்டனில் டேப்இண்டெக்ஸ் 1 என்று இருக்கும் பாருங்கள், அது டிவ்வாக இருந்தபோது எங்கிருந்தோ ஒட்டியதாக இருக்கலாம். 0க்கு மேல் எண் கொடுத்த எதுவும் பக்கத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வரிசையில் போய் நிற்கும். எண்ணை மாற்றிப் பார்க்க வேண்டாம், ஆட்ரிபியூட்டையே எடுத்துவிடுங்கள். கோடில் எழுதிய வரிசையிலேயே டேப் போகும்.